நோட்பேடிலிருந்து துப்பாக்கிச் சத்தம்

ஒரு ஹெட்போன் ஜாக் சரியாகச் செருகாமல் இருந்ததால்தான் இந்தக் கதையே ஆரம்பித்தது. மத்தியான நேரம், நான் சிஸ்டம் அட்மினாக இருக்கிற கல்லூரிக் கணினி லேபில் இரண்டாம் ஆண்டுப் பசங்கள், திடீரென்று மூன்றாவது வரிசையிலிருந்து சடசடவென்று சுடுகிற சத்தம். நான் எழுந்து போவதற்குள் அந்தத் தம்பி ஆல்ட் டேப் அடித்து ஏதோ சி புரோகிராமைத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டான், முகத்தில் அப்படி ஒரு அமைதி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி சுடுகிற விளையாட்டு எதுவும் இல்லை. நோட்பேட் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் பிராசஸரில் பாதியைத் தின்றுகொண்டு. வெறும் எழுத்து அடிக்கிற நோட்பேடுக்கு எதற்கு இவ்வளவு பசி?

விஷயம் இதுதான். அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் நான் விண்டோஸின் அமைப்புகளெல்லாம் இருக்கிற ரெஜிஸ்ட்ரியில் டிஸ்அலவ்ரன் என்கிற அமைப்பைப் போட்டு, ஓடக்கூடாத புரோகிராம்களின் பெயரை வரிசையாக எழுதி, லேபே சுத்தமாகிவிட்டது என்று துறைத்தலைவர் மேடத்திடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். கவுன்டர் ஸ்ட்ரைக்கை ஓட்டுகிற ஃபைலான ஹெச்எல் டாட் எக்ஸ்இ, அந்த வைஸ் சிட்டி, இந்த டாரன்ட் என்று 17 பெயர்கள். பசங்கள் செய்தது ரொம்ப எளிமை. ஹெச்எல் டாட் எக்ஸ்இ என்ற பெயரை நோட்பேட் டாட் எக்ஸ்இ என்று மாற்றிவிட்டார்கள். என் பட்டியல் பெயரை மட்டும்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது. அதைவிடக் கேவலம், அந்த டிஸ்அலவ்ரன் எக்ஸ்ப்ளோரர் வழியாகத் திறக்கிற புரோகிராமைத்தான் தடுக்கும். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து அங்கிருந்து கூப்பிட்டால் பெயரைக்கூட மாற்ற வேண்டியதில்லை. இதை மைக்ரோசாஃப்ட் அந்த பாலிசியின் விளக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நானும் யோக்கியன் இல்லை. நான் படித்த காலத்தில் எங்கள் யூனிக்ஸ் லேபில் மாணவர் கணக்குக்கெல்லாம் ஆர்பேஷ் போட்டிருப்பார்கள், அதாவது கட்டளை அடிக்கிற ஷெல்லின் கட்டுப்படுத்தப்பட்ட வடிவம், வேறு டைரக்டரிக்குப் போகவே விடாது. ஆனால் விஐ எடிட்டரை மட்டும் கொடுத்திருந்தார்கள், ஏனென்றால் புரோகிராம் அடிக்க ஏதாவது வேண்டுமே. விஐக்குள் போய் ஷெல் எது என்பதைக் கட்டுப்பாடில்லாத பேஷ் என்று மாற்றி, ஷெல் என்று ஒரு கட்டளை கொடுத்தால் முழு ஷெல் கையில் வந்துவிடும். இதை ஒரு சீனியர் அண்ணன் டீக்கடையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். களவும் கற்று மற என்பார்கள். நான் மறந்துவிட்டேன், அதுதான் சிக்கல். மறக்காமல் இருந்திருந்தால் பெயர்ப் பட்டியல் போட்டுத் தடுக்கப் போயிருக்க மாட்டேன்.

சரி, விளையாடினால் விளையாடிவிட்டுப் போகட்டுமே என்று கேட்பவர்களுக்கு: விளையாட்டு எனக்குப் பெரிய பிரச்சினையே இல்லை. பிரச்சினை பென்டிரைவ். ஜெராக்ஸ் கடையில் செருகி, வீட்டில் செருகி, ஹாஸ்டலில் நாலு பேர் லேப்டாப்பில் செருகிவிட்டு இங்கே கொண்டுவருவார்கள். ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்டாக மாறி நிற்கிற அந்த வைரஸை ஒரு முறையாவது பார்க்காத லேப் ஆள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஒரு மெஷினில் ஏறினால் சாயங்காலத்துக்குள் லேபின் அறுபது மெஷினிலும் ஏறிவிடும், ஏனென்றால் அப்போது எங்கள் லேபில் எல்லாருமே அட்மினிஸ்ட்ரேட்டர். ஏன் என்று கேட்டால், ஏதோ ஒரு பழைய சாஃப்ட்வேர் அட்மினாக இருந்தால்தான் திறக்கும் என்று எனக்கு முன்னால் இருந்தவர் எப்போதோ போட்டுவிட்டுப் போனது. அந்த சாஃப்ட்வேரை எடுத்தே பல வருடம் ஆகியிருந்தது.

அதனால் முதல் வேலை, எல்லாரையும் சாதாரண யூசராக மாற்றினேன், பதிவு எண்ணை வைத்து ஆளுக்கு ஒரு லாகின். பாதி நோய் அதிலேயே போய்விட்டது. மீதிப் பாதி போகவில்லை. சாதாரண யூசரால் புரோகிராம் ஃபைல்ஸில் எதையும் நிறுவ முடியாது, உண்மை. ஆனால் தன் சொந்த ஃபோல்டரில் எதை வேண்டுமானாலும் வைத்து ஓட்டலாம். குரோமையே எடுத்துக்கொள்ளுங்கள், அட்மின் பாஸ்வேர்டு கேட்கும்போது இல்லை என்று சொன்னால், பரவாயில்லை என்று யூசரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நிறுவவே தேவையில்லாத போர்ட்டபிள் சாஃப்ட்வேர்கள் பென்டிரைவிலிருந்தே ஓடும். வைரஸுக்கும் அதே வழி திறந்துதான் இருக்கிறது.

டீப் ஃப்ரீஸ் போட வேண்டியதுதானே என்று நண்பர் ஒருவர் சொன்னார். பிரவுசிங் சென்டர் காலத்திலிருந்தே தெரிந்த சாமான், ரீஸ்டார்ட் செய்தால் மெஷின் பழையபடி ஆகிவிடும். மைக்ரோசாஃப்ட்டே விண்டோஸ் ஸ்டெடிஸ்டேட் என்று ஒன்றை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது, 2010 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அது ஓடுவதைத் தடுக்காது, ஓடியதன் தடயத்தை அழிக்கும், அவ்வளவே. காலையிலிருந்து சாயங்காலம் ரீஸ்டார்ட் ஆகும்வரை என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். கூடவே சி டிரைவில் சேமித்த பிராஜெக்ட் ரிப்போர்ட் காணோம் என்று வாரம் ஒருத்தர் கண்ணீரோடு வருவார்கள், அதையும் நாம்தான் சமாளிக்க வேண்டும்.

கடைசியில், எந்த புரோகிராம் ஓடலாம் என்று விதி போடுகிற விண்டோஸின் ஆப்லாக்கருக்கு வந்து சேர்ந்தேன். 2009-இல் விண்டோஸ் 7 கூடவே வந்தது இது. அதற்கு முன்னால் எக்ஸ்பி காலத்திலிருந்து சாஃப்ட்வேர் ரெஸ்ட்ரிக்‌ஷன் பாலிசி என்று ஒன்று இருந்தது, அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ரொம்ப நாள் என்டர்பிரைஸ், எஜுகேஷன் எடிஷன்களில்தான் இது அமலாகும், ப்ரோவில் பாலிசியை எழுதலாம், எழுதிவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கலாம். இப்போது அந்த எடிஷன் கட்டுப்பாட்டை விண்டோஸ் 10-இன் 2004 என்ற எண்ணுள்ள பதிப்பு (வருடம் இல்லை) முதலும் விண்டோஸ் 11 முழுவதிலும் எடுத்துவிட்டார்கள், பட்ஜெட் இல்லாத கல்லூரிகள் கவனிக்க.

ஆப்லாக்கரில் எனக்குப் பிடித்தது அதன் தலைகீழ் யோசனை. எது ஓடக்கூடாது என்று எழுதுவதில்லை, எது ஓடலாம் என்று எழுதுகிறோம், மற்றதெல்லாம் தானாக நின்றுவிடும். மூன்று வகையில் சொல்லலாம்: இந்த ஃபோல்டரில் இருப்பது ஓடலாம், இந்த நிறுவனம் கையெழுத்திட்டது ஓடலாம், இந்த ஹாஷ் (ஃபைலின் கைரேகை மாதிரி) உள்ள ஃபைல் ஓடலாம். ஹாஷ் கேட்க உறுதியாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மாறிவிடும், அறுபது மெஷினை ஒரே ஆள் பார்த்துக்கொள்கிற இடத்தில் அது தற்கொலை. அதனால் இயல்பாக வரும் விதிகளையே வைத்தேன். புரோகிராம் ஃபைல்ஸிலும் விண்டோஸ் ஃபோல்டரிலும் இருப்பதை எல்லாரும் ஓட்டலாம், அட்மின் எதையும் ஓட்டலாம். யோசித்துப் பார்த்தால் இதற்குள் ஒரே ஒரு கணக்குதான் இருக்கிறது: யூசரால் எழுத முடிகிற இடத்தில் எதுவும் ஓடாது, ஓடுகிற இடத்தில் யூசரால் எழுத முடியாது. பெயரை நோட்பேட் என்று மாற்றினாலும் சரி, அவன் பாட்டி பெயரை வைத்தாலும் சரி, பென்டிரைவில் இருந்தால் ஓடாது.

முதல் நாள் சோதித்துப் பார்த்த மெஷினில் ஸ்டார்ட் மெனுவே திறக்கவில்லை, கால்குலேட்டரும் திறக்கவில்லை. எக்ஸ்இக்கு விதி போட்டுவிட்டு, ஸ்டோர் வகை ஆப்களுக்கு விதி போடாமல் விட்டால் அவை எல்லாமே தடைபட்டுவிடும், விண்டோஸ் 10-இல் ஸ்டார்ட் மெனுவும் அந்த வகைதான். அதற்கும் ஒரு விதி சேர்த்ததும் சரியாகிவிட்டது. இது சின்ன அடி. பெரிய அடி பின்னால் வருகிறது.

ஆப்லாக்கரில் ஆடிட் மோடு என்று ஒன்று உண்டு. எதையும் தடுக்காது, "நான் அமலில் இருந்திருந்தால் இதைத் தடுத்திருப்பேன்" என்று விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் 8003 என்ற எண்ணில் குறித்து வைக்கும். உண்மையில் தடுக்கும்போது எண் 8004. ஒரு வாரம் ஆடிட்டில் விட்டு, வருகிற 8003-களைப் பார்த்து விதிகளைத் திருத்தி, அப்புறம் அமல்படுத்த வேண்டும். நானும் ஒழுங்காக ஒரு வாரம் விட்டேன். பார்த்தால் குறிப்புகள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், அதுவும் யாரோ பென்டிரைவிலிருந்து எதையோ திறக்கப் பார்த்தது. சந்தோஷம் தாங்கவில்லை. கூடுதல் எச்சரிக்கைக்கு நானே மாணவர் லாகினில் உட்கார்ந்து சி புரோகிராம் எழுதுகிற டர்போ சியைத் திறந்து ஒரு ஹலோ வேர்ல்டு அடித்து ஓட்டியும் பார்த்தேன். ஜம்மென்று ஓடியது, 8003 குறிப்பும் வரவில்லை. பிராக்டிகல் பரீட்சைக்கு வெளியிலிருந்து வருகிற எக்ஸ்டெர்னல் வருவதற்குள் லேபைச் சரி பண்ணிவிடுங்கள் என்று மேடம் வேறு சொல்லியிருந்தார், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அமல்படுத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கள்கிழமை காலை சி பிராக்டிகல். முதல் பேட்ச் 30 பேர். எக்ஸ்டெர்னல் வந்து காபி குடித்துவிட்டு, கேள்விச் சீட்டு எடுக்கச் சொல்லி, பசங்கள் அல்காரிதம் எழுதி, அடித்து, கம்பைல் செய்து, ரன் கொடுத்தார்கள். ஒன்றும் வரவில்லை. ஒருத்தனுக்கு வரவில்லை என்றால் அவன் புரோகிராம் தப்பு, முப்பது பேருக்கும் வரவில்லை என்றால் சிஸ்டம் ஆள் தப்பு. ஒரு பெண் எக்ஸ்இயை நேரடியாகத் திறந்து பார்த்திருக்கிறாள், "இந்த புரோகிராம் குரூப் பாலிசியால் தடுக்கப்பட்டுள்ளது, உங்கள் சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டரைத் தொடர்புகொள்ளவும்" என்று ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. அவள் அந்தச் செய்தியைச் சத்தமாக வாசித்துவிட்டு, "சார், உங்களைத்தான் தொடர்புகொள்ளச் சொல்லுது" என்றாள். எக்ஸ்டெர்னல் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

நடந்தது என்னவென்றால், நான் ஆடிட் போட்ட வாரம் தீபாவளி வாரம். லேபில் ஆளே இல்லை. ரிப்போர்ட் அடிக்க வந்த நாலு ஸ்டாஃபும் வேர்டைத் தவிர வேறு எதையும் திறக்கவில்லை, குறிப்பு எப்படி வரும்? சரி, நானே ஓட்டிப் பார்த்தேனே, அதற்கு ஏன் குறிப்பு வரவில்லை? இதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு அரை மணி நேரம் ஆனது. டர்போ சி 16-பிட் காலத்துச் சாமான், இன்றைய 64-பிட் விண்டோஸில் அது தனியாக ஓடாது, டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டருக்குள் வைத்துத்தான் எல்லாக் கல்லூரியிலும் ஓட்டுகிறோம். ஆப்லாக்கரின் கண்ணுக்குத் தெரிவது டாஸ்பாக்ஸ் ஒன்றுதான், அது புரோகிராம் ஃபைல்ஸில் பத்திரமாக இருக்கிறது. அதற்குள்ளே டர்போ சி ஓடினாலும், அது உருவாக்கிய எக்ஸ்இ ஓடினாலும் விண்டோஸுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் இந்த பேட்சுக்குப் புதிய சிலபஸ், டர்போ சிக்குப் பதில் கோட்பிளாக்ஸ். அது உருவாக்குவது அசல் விண்டோஸ் எக்ஸ்இ, மாணவரின் சொந்த ஃபோல்டரில் போய் உட்காரும், கையெழுத்து கிடையாது, ஒவ்வொரு கம்பைலுக்கும் ஹாஷ் மாறும். ஆப்லாக்கர் பார்வையில் நம் பசங்கள் எழுதிய பகா எண் கண்டுபிடிக்கிற புரோகிராமுக்கும் பென்டிரைவ் வைரஸுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

பாலிசியை சர்வரில் மறுபடி ஆடிட்டுக்கு மாற்றி, அட்டெண்டர் அண்ணனும் நானும் ஆளுக்கு ஒரு வரிசையாக ஒவ்வொரு மெஷினாகப் போய், மாற்றிய பாலிசி உடனே வந்துசேர ஜிபிஅப்டேட் அடித்தோம். பரீட்சை 25 நிமிடம் தாமதம். பசங்களுக்குக் கொண்டாட்டம், அந்த 25 நிமிடத்தில் பக்கத்து மெஷினில் என்ன கேள்வி என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. மேடம் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

புரோகிராமிங் லேபில் இந்தப் பூட்டு போடுவதன் நிஜமான சிக்கல் இதுதான் என்று நினைக்கிறேன். அலுவலகத்திலோ நூலகத்திலோ யூசர் புதிதாக எக்ஸ்இ உருவாக்க வேண்டியதே இல்லை, அங்கே இது அருமையாக வேலை செய்யும். இங்கே எக்ஸ்இ உருவாக்குவதுதான் பாடமே. லினக்ஸ் லேபிலும் இதே கதைதான், ஹோம் டைரக்டரியில் எதுவும் ஓடாதபடி நோஎக்செக் என்று மவுன்ட் செய்தால், பசங்கள் கம்பைல் செய்த ஏ டாட் அவுட்டுக்கு அனுமதி மறுப்பு வந்து நிற்கும்.

கடைசியில் நான் செய்துகொண்ட சமரசம் இப்படி. டி டிரைவில் லேப் என்று ஒரு ஃபோல்டர், மாணவர்கள் எழுதவும் ஓட்டவும் முடிகிற ஒரே இடம் அது, ஒரு பாத் விதி போட்டுத் திறந்துவிட்டேன். எழுத முடிகிற இடத்தில் ஓடாது என்ற கணக்கு உடைகிறது, தெரியும். அதை ஈடுகட்ட அந்த டிரைவில் ஆளுக்கு 100 எம்பி என்று கோட்டா வைத்தேன். கம்பைல் செய்த சி புரோகிராம் சில பத்து கேபி, பெரிய பிராஜெக்ட் என்றாலும் சில எம்பி. கவுன்டர் ஸ்ட்ரைக் சில நூறு எம்பி. உள்ளே வராது. தினமும் ராத்திரி ஒரு ஸ்கிரிப்ட் வந்து அங்கே இருக்கிற எக்ஸ்இகளை மட்டும் துடைத்துவிட்டுப் போகும், சோர்ஸ் ஃபைலைத் தொடாது. மறுநாள் வந்து ஒரு கம்பைல் கொடுத்தால் போச்சு. பாதுகாப்பு நிபுணர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஒரு வருடமாக ஷார்ட்கட் வைரஸ் ஒன்றுகூட அறுபது மெஷினுக்குப் பரவவில்லை.

ஓட்டையே இல்லை என்று சொல்லவில்லை. விண்டோஸ் ஃபோல்டரில் எல்லாம் ஓடலாம் என்கிறோம், ஆனால் அந்த ஃபோல்டருக்குள் டெம்ப், டாஸ்க்ஸ் மாதிரி சில இடங்களில் சாதாரண யூசரும் எழுதலாம். மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருத்தன் இதைக் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததை என்னிடமே வந்து சொன்னான், மார்க் கிடைக்கும் என்று நினைத்தானோ என்னவோ. டீ வாங்கிக் கொடுத்தேன். அந்த ஃபோல்டர்களை விதிவிலக்காகப் போட்டேன். மைக்ரோசாஃப்ட்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளில் ஒன்றான ஆக்சஸ்செக்கை ஓட்டினால் எங்கெல்லாம் எழுதலாம் என்று பட்டியலே கொடுத்துவிடும். அதற்கு மேலும் உண்டு. 2016-இல் கேசி ஸ்மித் என்ற ஆய்வாளர், விண்டோஸ் கூடவே வருகிற ரெக்எஸ்விஆர்32 என்ற கருவியை வைத்தே ஆப்லாக்கரைத் தாண்டிக் காட்டினார். விண்டோஸே நம்புகிற கருவியை வைத்து விண்டோஸின் காவலைத் தாண்டுவது, அதாவது எங்கள் விஐ கதைதான். ஆப்லாக்கரை முழுமையான அரண் என்று நம்ப வேண்டாம், கூடுதல் அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள், உறுதியாக வேண்டுமென்றால் ஆப் கன்ட்ரோல் என்கிற இன்னும் கடுமையான பூட்டுக்குப் போங்கள் என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்கிறது. என் லேபுக்கு இந்த அடுக்கு போதும். எதிரே இருப்பது உளவு நிறுவனம் இல்லை, மதிய இடைவேளையில் போரடிக்கிற பத்தொன்பது வயசு.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு ஆள் மாட்டிக்கொண்டார். தமிழ்த்துறைப் பேராசிரியர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது, கேள்வித்தாள் அடிக்க எங்கள் லேபுக்குத்தான் வருவார். அவருடைய தமிழ்த் தட்டச்சுக் கருவி எப்போதும் பென்டிரைவில், எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் அதைத் திறந்துவிட்டு அடிக்க ஆரம்பிப்பார். பூட்டு போட்ட அடுத்த வாரம் வந்தார். "தம்பி, இந்தப் பெட்டி திடீர்னு தமிழே தெரியாதுன்னு சொல்லுதே" என்றார். விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது ஐயா என்று எடுத்துக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நான் டைப்ரைட்டர்ல கத்துக்கிட்டவன் தம்பி, விரல் அங்கதான் போகும்" என்றார். நியாயம்தானே. அவர் கருவியையே புரோகிராம் ஃபைல்ஸில் எல்லா மெஷினிலும் நிறுவினேன். ஆடிட் பட்டியலில் அவர் பெயர் வந்திருக்க வேண்டும், ஆனால் தீபாவளி வாரம் அவரும் ஊருக்குப் போயிருந்தார்.

விளையாட்டு நின்றுவிட்டதா என்று கேட்காதீர்கள். போன மாதம் கடைசி வரிசையில் ஒருத்தன் ரொம்ப ஈடுபாட்டோடு டர்போ சி பார்த்துக்கொண்டிருந்தான், அந்த பேட்சுக்கு டர்போ சியே கிடையாது. போய்ப் பார்த்தால் டாஸ்பாக்ஸுக்குள் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா, 1990-இல் வந்த பழைய டாஸ் பதிப்பு, மொத்தமே ஒன்றிரண்டு எம்பி. கோட்டாவுக்குள்ளும் அடங்கும், ஆப்லாக்கர் கண்ணிலும் படாது. அவன் பிறப்பதற்குப் பல வருடம் முன்னால் வந்த விளையாட்டு. "சார், மூணாவது லெவல்ல அந்த எலும்புக்கூடு சாகவே மாட்டேங்குது" என்றான். விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போய் கீழே விழ வைக்கணும்டா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த செமஸ்டர் பைத்தான் வருகிறது. பைத்தானை அனுமதித்தால் அது படிக்கிற எந்த ஸ்கிரிப்டையும் அனுமதித்த மாதிரிதான், அதை விடுங்கள். பிராஜெக்டுக்குத் தனியாக ஒரு பைத்தான் வைக்கிற விர்ச்சுவல் என்விரான்மென்ட் போட்டால் மாணவர் ஃபோல்டரில் ஒரு பைத்தான் எக்ஸ்இ வந்து உட்காரும், பேக்கேஜ் நிறுவுகிற பிப் வழியாக ஜூபிட்டர் என்ற பைத்தான் நோட்புக்கைப் போட்டால் ஆப்டேட்டாவுக்குள் இன்னும் நாலு எக்ஸ்இ, எல்லாமே மாட்டும். விர்ச்சுவல் என்விரான்மென்டை டி டிரைவுக்குள் போடச் சொல்லலாம் என்றால் ராத்திரி ஸ்கிரிப்ட் வந்து அந்த எக்ஸ்இயைத் துடைத்துவிடும், கோட்டாவும் போதாது. இப்போதைக்கு எல்லா மெஷினிலும் தேவையான பேக்கேஜ்களை நானே நிறுவி, எக்ஸ்இயைக் கூப்பிடாமல் பைத்தான் மைனஸ் எம் என்று அடித்து ஓட்டச் சொல்லலாம் என்றிருக்கிறேன். புது விதிகளை நேற்று ஆடிட்டில் போட்டாயிற்று. இந்தத் தடவை காலண்டரைப் பார்த்துவிட்டு, மூன்று பேட்சுக்கும் லேப் வகுப்பு இருக்கிற வாரமாகப் பார்த்து.